ஜே. பி. பிங்க்கர்: எழுதி முடிக்காத நாவலுக்குக் கடன் கொடுத்தவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில நாவலாசிரியர் ஜோசப் கான்ராடின் கடிதங்கள் ஒன்பது தொகுதிகளாக வெளிவந்திருக்கின்றன. எந்தத் தொகுதியைப் புரட்டினாலும் ஒரு பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: பிங்க்கர். வாடகைக்குப் பணம் வேண்டும், மருத்துவருக்குப் பணம் வேண்டும், அத்தியாயம் அநேகமாக முடிந்துவிட்டது, இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் என்று பக்கம் பக்கமாகப் போகும். கான்ராடைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த மனிதரைப் பற்றியும் என்னிடம் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

யார் இந்தப் பிங்க்கர்?

ஜேம்ஸ் பிராண்ட் பிங்க்கர். ஆங்கிலேயர், 1863-ல் பிறந்தவர். வசதியான குடும்பமல்ல. டில்பரி துறைமுகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். பிறகு கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போய் அங்கு வெளிவந்த ‘லெவன்ட் ஹெரால்ட்’ பத்திரிகையில் எழுதினார். லண்டன் திரும்பியபின் ‘பிளாக் அண்ட் ஒயிட்’ என்ற படப் பத்திரிகையில் துணையாசிரியரானார். 1896-ல் ஸ்ட்ராண்ட் சாலையை ஒட்டிய அருண்டெல் தெருவில் அலுவலகம் பிடித்து, தன்னை இலக்கிய முகவர் என்று அறிவித்துக்கொண்டார். அடுத்த 26 ஆண்டுகளில் ஹென்றி ஜேம்ஸ், கான்ராட், ஸ்டீபன் கிரேன், ஆர்னால்ட் பென்னட், எச். ஜி. வெல்ஸ், டி. எச். லாரன்ஸ், ஜேம்ஸ் ஜாய்ஸ் ஆகியோரின் காரியங்கள் ஏதோ ஒரு கட்டத்தில் அவர் கை வழியாகப் போயின. பல்கலைக்கழகங்களில் நவீன ஆங்கில நாவல் என்று பாடம் வைப்பவர்களின் பட்டியலில் பாதிப் பேர் இதில் அடங்கிவிடுகிறார்கள்.

இலக்கிய முகவர் என்னதான் செய்வார்?

தமிழில் எழுத்தாளரும் பதிப்பாளரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதுதான் வழக்கம் என்பதால் இந்தக் கேள்வி வருகிறது. எழுத்தாளருக்காகப் பதிப்பாளரிடம் பேரம் பேசுவதும், ஒப்பந்தத்தைப் படிப்பதும், பணத்தை வசூலித்து, தன் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவதும் முகவரின் வேலை. பிங்க்கர் காலத்தில் கமிஷன் நூற்றுக்குப் பத்து.

அந்தக் காலத்தில் ஒரு நாவலைப் பல துண்டாக விற்கலாம் என்பதை இங்கே சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பத்திரிகைத் தொடராக ஒரு விற்பனை, அமெரிக்கப் பத்திரிகையில் தொடராக இன்னொன்று. லண்டன் நூல் பதிப்பு, நியூயார்க் நூல் பதிப்பு, இந்தியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்கென்று அச்சிட்ட காலனிப் பதிப்பு, ஐரோப்பாவில் ஆங்கிலம் படிப்பவர்களுக்காக ஜெர்மனியில் டவுக்னிட்ஸ் நிறுவனம் போட்ட பதிப்பு, மொழிபெயர்ப்புகள், பிற்பாடு சினிமா என்று அது நீளும். 1891-ல் அமெரிக்கா வெளிநாட்டவருக்கும் காப்புரிமை கொடுத்தபோது ஒரு நிபந்தனை வைத்தது: புத்தகத்தை அமெரிக்காவிலேயே அச்சுக்கோத்திருக்க வேண்டும், பிற நாட்டில் வெளிவரும் நாளுக்குள் அங்கும் வெளிவந்துவிட வேண்டும். கப்பலில் பிரதி போய்ச்சேரும் நாளைக் கணக்கிட்டு இரண்டு ஊர்களிலும் காரியத்தைப் பொருத்துவது, கதை எழுதுகிற ஒருவர் தன் மேசையில் உட்கார்ந்தபடி செய்யக்கூடியதல்ல.

முகவர்கள் வருவதற்கு முன் எழுத்தாளர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

பெரும்பாலும் ஏமாந்தார்கள். கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையான ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ நாவலை 25 பவுண்டுக்கு முழு உரிமையோடு விற்றார். அந்தக் கதைக்கு அதன்பின் ஒரு பென்னி கூட அவருக்கு வரவில்லை.

ரைடர் ஹாகர்ட் தப்பித்த கதை அவரே எழுதியது. ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ நாவலுக்கு 1885-ல் கேசல் நிறுவனம் இரண்டு வழி சொன்னது: உரிமையை விட்டுக்கொடுத்து 100 பவுண்டு, அல்லது 50 பவுண்டு முன்பணமும் பத்து சதவீத ராயல்டியும். ஹாகர்ட் 100 பவுண்டுக்குத் தலையசைத்துவிட்டார். ஒப்பந்தத்தை எடுக்க அதிகாரி வெளியே போனதும், மூலையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா, “நானாக இருந்தால் மற்றதைத்தான் எடுத்துக்கொள்வேன்” என்று மெல்லச் சொன்னார். அதிகாரி திரும்பி வருவதற்குள் ஹாகர்ட் மனம் மாறியிருந்தார். புத்தகம் ஆயிரக்கணக்கில் விற்றது. அந்தக் குமாஸ்தா அன்று விடுப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. முகவர் என்ற தொழில், அந்தக் குமாஸ்தாவைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்வது போன்றதுதான்.

முதல் இலக்கிய முகவர் பிங்க்கர்தானா?

இல்லை. அந்தப் பெயர் ஏ. பி. வாட் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்குத்தான் போகும். பதிப்பகத்திலும் விளம்பரத் தரகிலும் பழகியவர், 1880 வாக்கில் இதைத் தனித் தொழிலாகவே நிலைநிறுத்தினார். பத்து சதவீதம் என்ற விகிதத்தை வழக்கமாக்கியதும் அவரே. வில்கி காலின்ஸ், ஹாகர்ட், கானன் டாயில், கிப்ளிங் எல்லோரும் அவரிடம் இருந்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தனக்கும் வாட் குடும்பத்துக்கும் இடையில் மூன்று நிமிடப் பேச்சில் தீராத வேறுபாடு எதுவும் வந்ததில்லை என்று கிப்ளிங் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதுகிறார்.

கிப்ளிங்கை வாட்டிடம் போகச் சொன்னவர் நாவலாசிரியர் வால்டர் பெசன்ட். 1884-ல் எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியவர். சென்னை வாசகர்களுக்கு அந்தக் குடும்பப் பெயர் தெரிந்ததுதான்: இவருடைய தம்பி பிராங்க் பெசன்ட்டை மணந்தவர் அன்னி பெசன்ட். பெசன்ட் நகரின் பெயரும் இந்தக் குடும்பத்திலிருந்து வந்ததே.

பதிப்பாளர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

கோபத்தோடு. 1893-ல் வில்லியம் ஹெய்ன்மன் முகவரை ஒட்டுண்ணி என்றே பகிரங்கமாக எழுதினார். தனக்கும் எழுத்தாளருக்கும் இருந்த நட்பைத் தரகன் கெடுக்கிறான் என்பது அவர் வாதம். அந்த நட்பில் கணக்குப் புத்தகம் எப்போதும் ஒருவர் வீட்டில்தான் இருந்தது என்பதை அவர் சொல்லவில்லை.

வாட்டுக்கும் பிங்க்கருக்கும் என்ன வித்தியாசம்?

வாட் பெரும்பாலும் ஏற்கெனவே பெயர் பெற்றவர்களை எடுத்துக்கொண்டார். பதிப்பாளர்களோடும் சுமுகமாக இருந்தார். பிங்க்கர் இன்னும் விற்காதவர்களைத் தேடிப் போனார். அதற்குக் காலமும் ஒத்துழைத்தது. மூன்று பாகமாக வந்து முப்பத்தொன்றரை ஷில்லிங்குக்கு விற்ற நாவல் முறை, வாடகை நூலகங்கள் கைவிட்டதால் 1894-ல் சரிந்தது. ஆறு ஷில்லிங்குக்கு ஒரே பாக நாவல்கள் வரத் தொடங்கின. புதிய மாத இதழ்கள் பெருகின. புது ஆட்களுக்கு இடம் கிடைத்தது.

ஆனால் உண்மையான வித்தியாசம் பணத்தில் இருந்தது. வந்த பணத்தில் பத்து சதவீதம் எடுப்பது மட்டும் பிங்க்கர் வேலையாக இருக்கவில்லை. வரப்போகும் பணத்தை நம்பி, தன் கையிலிருந்து முன்கூட்டியே கொடுத்தார். பாரிஸில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஆர்னால்ட் பென்னட்டுக்கு மாதாமாதம் பணம் போனது. சசெக்ஸில் ஒரு பழைய மாளிகையில் கடனில் மூழ்கி, காசநோயோடு கதைகளை எழுதித் தள்ளிய ஸ்டீபன் கிரேன் கேட்டபோதும் போனது. கிரேன் 1900 ஜூனில் 28 வயதில் இறந்தார். எல்லாவற்றையும் விடப் பெரிய கணக்கு கான்ராடுடையது.

ஆள் எப்படி இருப்பார்?

நாவலாசிரியர் பிராங்க் ஸ்வின்னர்டன் எழுதிவைத்திருக்கும் சித்திரம் ஒன்று உண்டு. குள்ளம், கட்டுடல், சிவந்த உருண்டை முகம், மழித்த தாடை, நரைத்த தலை. கிசுகிசுப்பதற்குச் சற்று மேலான கரகரத்த குரல். உடல் அசையாமல் சிரிப்பார். நான்கு குதிரை பூட்டிய வண்டியைத் தானே ஓட்டுவார். எழுத்தாளர்களின் பண ரகசியமும் பதிப்பாளர்களின் பலவீனமும் அவருக்குத் தெரியும். துறைமுக எழுத்தராகத் தொடங்கியவர் சர்ரே மாவட்டத்தில் பெரிய வீடும் குதிரைகளுமாக வாழ்ந்ததைச் சிலரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கான்ராட் அவரிடம் எப்படி வந்து சேர்ந்தார்?

பிங்க்கர்தான் முதலில் எழுதிக் கேட்டார். 1899 ஆகஸ்டில் கான்ராட் அனுப்பிய பதில், கடன் கேட்கப்போகும் ஒருவர் கடன் கொடுக்கப்போகிறவருக்கு முன்கூட்டியே கொடுத்த நேர்மையான எச்சரிக்கை. நான் ஒரு படைப்பைத் தொடங்குமுன்பே விற்றுவிடுவேன், பாதி எழுதியதும் பணம் வாங்கிவிடுவேன், மனம் உந்தும்வரை மறுபாதியை எழுத மாட்டேன், அந்த மனம் என் கட்டுப்பாட்டில் இல்லை, பணம் கொடுத்தவர் கட்டுப்பாட்டிலும் இல்லை என்பது அதன் சாரம். தன்னைப் போன்ற ஆளால் உங்களுக்கு என்ன பயன் என்றும் கேட்டிருந்தார்.

அடுத்த ஆண்டே பிங்க்கர் அவரை ஏற்றுக்கொண்டார். கடிதத்தில் சொன்னது அத்தனையும் அப்படியே நடந்தது.

கடன் எவ்வளவு ஏறியது?

1904 ஒரு மோசமான ஆண்டு. கான்ராடின் வங்கி முறிந்தது, மனைவி ஜெஸ்ஸி கீழே விழுந்து முழங்கால் கெட்டது, கான்ராடுக்குக் கீல்வாதம். ‘நோஸ்ட்ரோமோ’ எழுதப்பட்டது அந்த நிலையில்தான். மகன் நோயுற்றபோதும், வீட்டு வாடகை நின்றபோதும், தையற்காரர் பில் அனுப்பியபோதும் கடிதம் அருண்டெல் தெருவுக்குத்தான் போனது. கையெழுத்துப் பக்கங்கள் அங்கே தட்டச்சாகித் திரும்பி வரும், கான்ராட் திருத்துவார், மறுபடி போகும்.

1910 தொடக்கத்தில் கடன் ஏறத்தாழ 2,700 பவுண்டு. அதே ஆண்டு அரசாங்கம் கான்ராடுக்கு உதவித்தொகை அறிவித்தது: ஆண்டுக்கு 100 பவுண்டு. அதை மட்டும் வைத்து அடைப்பதென்றால் 27 ஆண்டு ஆகியிருக்கும். கான்ராடுக்கு அப்போது வயது 52.

இதில் பிங்க்கரைத் தர்மவான் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு இது முதலீடு. ஆனால் ஏழு, எட்டு வருடம் விற்காத சரக்கில் எந்த வியாபாரி பணம் போட்டுக்கொண்டே இருப்பார்? அவர் கான்ராடின் பக்கங்களைப் படித்தார், அவற்றின் தரம் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

1910-ல் இருவரும் ஏன் சண்டையிட்டார்கள்?

‘அண்டர் வெஸ்டர்ன் ஐஸ்’ நாவல் இரண்டு ஆண்டாக இழுத்துக்கொண்டிருந்தது. 1909 டிசம்பரில் பிங்க்கர் பொறுமை இழந்து, குறித்த நாளுக்குள் பிரதி வராவிட்டால் இனிப் பணம் இல்லை என்று எழுதினார். கையெழுத்துப் பிரதியை அடுப்பில் போட்டுவிடுவேன் என்று கான்ராட் கொதித்தார். போடவில்லை, முடித்தார். 1910 ஜனவரி கடைசியில் லண்டனில் இருவரும் சந்தித்தபோது வார்த்தை முற்றியது. கோபத்தில் பதறிப் பேசிய கான்ராடைப் பார்த்து, ஆங்கிலத்தில் பேசுங்கள் என்ற பொருளில் பிங்க்கர் ஏதோ சொல்லிவிட்டார்.

போலிஷ் குடும்பத்தில் பிறந்து, பிரெஞ்சுக்குப் பிறகு மூன்றாவது மொழியாக ஆங்கிலத்தைக் கற்று, அதிலேயே தன் வாழ்வு முழுவதையும் வைத்த ஒருவரிடம் சொல்லக்கூடாத சொல் அது. பத்து வருடம் அந்த மனிதரின் ஆங்கிலத்தை விற்றே கமிஷன் வாங்கியவர் சொன்னார் என்பது இன்னும் மோசம். பிங்க்கரை எவ்வளவு மதித்தாலும் இதில் அவருக்காக வாதாட எனக்கு மனமில்லை.

வீடு திரும்பிய கான்ராட் நோயில் விழுந்தார். காய்ச்சலில் போலிஷ் மொழியில் பிதற்றினார், தன் கதாபாத்திரங்களோடு பேசினார். பிரதியை மேசையிலிருந்து எடுக்க யாரையும் விடவில்லை என்று ஜெஸ்ஸி எழுதுகிறார். சில மாதம் கழித்து எழுந்து உட்கார்ந்ததும் பிங்க்கருக்குக் கடிதம் எழுதினார்: நான் உங்களிடம் ஆங்கிலம் பேசவில்லை என்று கடைசிச் சந்திப்பில் சொன்னீர்கள், ஆகவே என் பேச்சு ஏற்றுக்கொள்ளத்தக்க அளவு தேறும்வரை வழக்கறிஞர் ராபர்ட் கார்னெட் என் சார்பில் பேசுவார். அதன்பின் ஏறக்குறைய இரண்டு ஆண்டு கடிதங்களில் நட்புச் சொல் இல்லை. ஆனால் முகவரை மாற்றவில்லை. பிங்க்கரும் கணக்கை முடிக்கவில்லை.

கடைசியில் கடன் தீர்ந்ததா?

தீர்ந்தது. ‘சான்ஸ்’ நாவல் 1912-ல் ‘நியூயார்க் ஹெரால்ட்’ இதழில் தொடராக வந்தது. 1914 ஜனவரியில் நூலாக வந்தபோது அமெரிக்காவில் டபுள்டே நிறுவனம் அதைப் பெரிதாக விளம்பரம் செய்தது. அதன்பின்னால் உழைத்தவர் அங்கே அப்போது வேலைக்குச் சேர்ந்திருந்த இளைஞர் ஆல்பிரட் நாப். பிற்காலத்தில் தன் பெயரிலேயே பதிப்பகம் தொடங்கியவர். கான்ராட் முதன்முறையாக நன்றாக விற்றார். பழைய நூல்களும் கூடவே விற்றன. 1919-ல் பிங்க்கர் சினிமா உரிமைகளையும் விற்றுக் கொடுத்தார்.

இருவரும் அதற்குள் மனம் கூடியிருந்தார்கள். 1920-ல் கான்ராடின் ஒரு கதையைச் சேர்ந்து உட்கார்ந்து திரைக்கதையாக எழுதியிருக்கிறார்கள். படமாக வரவில்லை. கதையில் எங்கே மௌனப் படத்துக்கான எழுத்து அட்டை வர வேண்டும் என்று அந்த இரண்டு வயதானவர்களும் யோசித்துக்கொண்டிருக்கும் காட்சி எனக்குப் பிடித்தமானது.

ஹென்றி ஜேம்ஸுக்கு என்ன செய்தார்?

1898 முதல் ஜேம்ஸின் முகவர். ஜேம்ஸ் தன் படைப்புகளைத் திருத்தி, புது முன்னுரைகளோடு 24 தொகுதிகளாக நியூயார்க்கில் ஸ்கிரிப்னர் வழியே கொண்டுவந்தார். வெவ்வேறு பதிப்பாளர்களிடம் சிதறிக் கிடந்த உரிமைகளை ஒன்றுசேர்க்கும் வேலை பிங்க்கருடையது. 1907-ல் வரத் தொடங்கிய அந்தப் பதிப்புக்கு 1908 அக்டோபரில் வந்த முதல் ராயல்டி 211 டாலர். வருடக்கணக்கான உழைப்புக்கு அதுதான் கூலி. ஜேம்ஸ் நொறுங்கிப்போனார்.

1915-ல், போர் நடந்துகொண்டிருந்தபோது, ஜேம்ஸ் பிரிட்டிஷ் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தார். அவருக்குச் சாட்சியாகக் கையெழுத்திட்ட நால்வரில் ஒருவர் பிரதமர் ஆஸ்குவித். இன்னொருவர் பிங்க்கர்.

லாரன்ஸும் ஜாய்ஸும்?

இங்கே வெற்றிக்கதை இல்லை. லாரன்ஸுக்கு மெத்துவன் நிறுவனத்தோடு நல்ல ஒப்பந்தம் வாங்கித் தந்தார், 300 பவுண்டு முன்பணம். 1915 செப்டம்பரில் வந்த ‘தி ரெயின்போ’ நவம்பரிலேயே ஆபாசம் என்று தடைசெய்யப்பட்டது. பௌ தெரு நீதிமன்றம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை அழிக்க உத்தரவிட்டது, பதிப்பாளர் எதிர்த்து வாதாடவும் இல்லை. அதன்பின் லாரன்ஸை விற்பது எவருக்கும் கடினம். சில ஆண்டுகளில் கசப்போடு பிரிந்தார்.

ஜாய்ஸ் 1915-ல் வெல்ஸின் பரிந்துரையால் வந்தார். அவருடைய முதல் நாவலைப் பிங்க்கர் லண்டனில் காட்டாத இடமில்லை. சட்டத்துக்குப் பயந்து அச்சகங்களே மறுத்தன. கடைசியில் 1916 இறுதியில் நியூயார்க்கில் வெளிவந்ததற்கு முக்கியக் காரணம் ஹாரியட் வீவர் என்ற பெண்மணியின் பிடிவாதம். பெருமை அவரைத்தான் சேரும்.

இந்தக் கதைக்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டா?

பிங்க்கர் வந்ததில்லை. கான்ராட் வந்திருக்கிறார், மாலுமியாக. 1884 ஏப்ரலில் ‘ரிவர்ஸ்டேல்’ கப்பலின் இரண்டாம் அதிகாரியாகச் சென்னையில் இறங்கினார். கேப்டனோடு தகராறாகி அந்த வேலையை இங்கேயே இழந்தார். ரயிலேறி பம்பாய் போனார், அங்கே ‘நார்சிசஸ்’ என்ற கப்பலில் சேர்ந்தார். அந்தக் கப்பலின் பெயர் 1897-ல் வந்த அவர் நாவலின் தலைப்பில் இருக்கிறது.

பிங்க்கர் எப்படி இறந்தார்? நிறுவனம் என்ன ஆனது?

1922 தொடக்கத்தில் வேலையாக நியூயார்க் போனவர் காய்ச்சல் கண்டு, அது நிமோனியாவாகி, பிப்ரவரியில் அங்கேயே இறந்தார். வயது 58. கான்ராடை அந்தச் செய்தி உலுக்கியது. மகன்கள் எரிக், ரால்ப் தொழிலைத் தொடர்ந்தார்கள். அப்பாவின் கட்டுப்பாடு அவர்களிடம் இல்லை. எரிக் 1939-ல் ஒரு எழுத்தாளரின் பணத்தைக் கையாடியதற்காக நியூயார்க்கில் தண்டனை பெற்றார், போர்க்காலத்தில் நிறுவனமே மறைந்தது. எழுதாத பக்கங்களுக்குப் பணம் கொடுத்தவரின் மகன், எழுதி விற்ற பக்கங்களின் பணத்தை எடுத்துக்கொண்டதைப் படித்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

பிங்க்கர் எழுதிய கடிதங்களைப் படிக்க முடியுமா?

கான்ராட் அவருக்கு எழுதியவை ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பிங்க்கரின் அலுவலகம் ஒரு துண்டுச் சீட்டையும் தூக்கி எறியவில்லை, பெரும்பகுதி இப்போது நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. பிங்க்கர் கான்ராடுக்கு எழுதியவற்றில் மிகப் பெரும்பாலானவை இல்லை. கான்ராட் கடிதங்களைச் சேர்த்துவைக்கும் பழக்கம் இல்லாதவர். ஆகவே அந்த ஒன்பது தொகுதிகளிலும் பணம் கேட்கும் குரல் மட்டுமே நமக்குக் கேட்கிறது. கொடுத்தவர் என்ன சொன்னார் என்பதை, “காசோலை கிடைத்தது” என்று தொடங்கும் அடுத்த கடிதத்திலிருந்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.